டிரிப்பர் நிற்க மாட்டேன் என்கிறதா? மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

அக்டோபர் மழை பிடித்ததும் எனக்கு வருகிற போன்களில் அதிகமாகக் கேட்பது ஒரே வாக்கியம்தான்: “அண்ணா, டிரிப்பர் நிக்க மாட்டேங்குது.” குன்னூர், கோத்தகிரி பக்கம் வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். கூப்பிடுகிறவர்களில் நிறையப் பேர் கோவையில் இருந்தோ சென்னையில் இருந்தோ வந்து இங்கே வீடு எடுத்தவர்கள். கீழே இருந்த வீட்டில் வருஷக்கணக்கில் ஒரு தடவைகூட விழாத டிரிப்பர், இங்கே வந்ததும் வாரம் மூன்று தடவை விழுந்தால் எரிச்சலும் பயமும் வரத்தான் செய்யும். ஆனால் அந்த எரிச்சலில் “அதை எடுத்துட்டு டைரக்ட் கொடுத்துடுங்க”, “16-க்குப் பதிலா 32 போட்டுடுங்க” என்று கேட்பவர்கள் இருக்கிறார்களே, அதுதான் எனக்குப் பயம். டிரிப்பர் விழுவது நோய் அல்ல, காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் எதனால் என்று கண்டுபிடிக்கிற வேலையில் முக்கால்வாசியை ஒயரைத் தொடாமலே நீங்களே செய்துவிடலாம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. கருகல் வாடை அடிக்கிறது, டிபி பெட்டி (டிரிப்பர்கள் வரிசையாக இருக்கும் பெட்டி) தொட்டால் சுடுகிறது, குழாயையோ கீசரையோ தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்றால் எதையும் சோதிக்க வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பெட்டிக்குள்ளேயே கூரைத் தண்ணீர் இறங்குகிறது என்றால் மெயினைக்கூடத் தொட வேண்டாம், தள்ளி நின்று மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். மின்னகம் எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். மற்றபடி இந்தக் கட்டுரையில் சொல்கிற எதற்கும் டிபி பெட்டியின் மூடியைக் கழற்றத் தேவையில்லை. கழற்றவும் கூடாது, மெயினை அணைத்த பிறகும் மெயினுக்கு வந்து சேருகிற ஒயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். கை காய்ந்திருக்கட்டும், காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும், டார்ச் பக்கத்தில் இருக்கட்டும்.

விழுந்தது எது?

நாம் எல்லாவற்றையும் டிரிப்பர் என்றுதான் சொல்கிறோம். ஆனால் பெட்டிக்குள் இரண்டு சாதி இருக்கிறது. ஒல்லியாக, ஒரு விரல் அகலத்தில் வரிசையாக நிற்பவை எம்சிபி. முகத்தில் சி16, பி6, சி20 என்று போட்டிருக்கும். அந்த எண்தான் ஆம்பியர். அதைவிட இரண்டு மடங்கு அகலமாக, ‘T’ என்ற ஆங்கில எழுத்து போட்ட சின்னப் பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி. பழைய ஆட்கள் ஈஎல்சிபி என்பார்கள். அதில் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று இருக்கும்.

இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. எம்சிபி ஒயரைக் காப்பாற்றுகிறது: அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலோ ஷார்ட் ஆனாலோ விழும். ஆர்சிசிபி ஆளைக் காப்பாற்றுகிறது: பேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து, கொஞ்சம் குறைந்தாலும், அதாவது எங்கேயோ ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனிதர் உடம்பு வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். அதனால் எது விழுந்தது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. எம்சிபி விழுந்தால் சுமையைத் தேடுங்கள், ஆர்சிசிபி விழுந்தால் ஈரத்தைத் தேடுங்கள். இங்கே மலையில் என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் இரண்டாவதற்குத்தான்.

விழுந்ததைத் திரும்ப ஏற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மாடல்களில் விழுந்த பிறகு நெம்பு பாதியில் நிற்கும். அப்படியே மேலே தள்ளினால் நிற்காது. முதலில் முழுசாகக் கீழே இறக்கி, அப்புறம் மேலே ஏற்ற வேண்டும். இதைத் தெரியாமல் ‘டிரிப்பர் போச்சு’ என்று புதுசு வாங்கி வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். உடனே விழுந்தால் இன்னொரு முறை, அவ்வளவுதான். பத்துத் தடவை ஏற்றி ஏற்றி அடிப்பது ஷார்ட்டான இடத்தில் பத்துத் தடவை நெருப்பு வைப்பதற்குச் சமம்.

எம்சிபி விழுந்தால்

ஏற்றிய உடனே ‘டப்’ என்று விழுகிறதா, கொஞ்ச நேரம் நின்று விழுகிறதா? இதைப் பாருங்கள் முதலில்.

நின்று விழுந்தால் பெரும்பாலும் சுமைதான். குளிர் காலத்தில் காலை ஆறரை மணிக்கு நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கீசர் ஓடுகிறது, ஹாலில் ரூம் ஹீட்டர் ஓடுகிறது, அடுப்படியில் கெட்டில் போட்டாயிற்று. வாட்ஸை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். 2000 வாட்ஸ் கீசர் 8.7, 2000 வாட்ஸ் ஹீட்டர் இன்னொரு 8.7, 1500 வாட்ஸ் கெட்டில் 6.5. மொத்தம் கிட்டத்தட்ட 24. பழைய வீடுகளில் இந்த மூன்றும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் தொங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

‘16-ஐத் தாண்டியதுமே விழ வேண்டாமா, ஏன் கால் மணி நேரம் கழித்து விழுகிறது’ என்று கேட்பார்கள். அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு இருக்கிறது. சூடேறி வளைந்தால்தான் கொக்கி விடுபடும். 16 ஆம்பியர் எம்சிபி 18 வரை ஒரு மணி நேரமும் தாங்கும், 23-ஐத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும், 41 அளவுக்குப் போனால் ஒரு நிமிஷத்துக்குள். ஷார்ட் என்றால் தகடுக்காகக் காத்திருக்காமல் உள்ளே இருக்கும் காந்தச் சுருள் அந்தக் கணமே இழுத்துவிடும். இன்னொன்று, இந்தக் கணக்கெல்லாம் 30 டிகிரி வெப்பத்துக்குச் சொன்னது. ஊட்டியில் ஜனவரி உறைபனியில் பெட்டியே சில்லென்று இருக்கும்போது அது இன்னும் சற்றுக் கூடுதலாகவே தாங்கும். ஆகவே குளிரில் எம்சிபி விழுகிறது என்றால் ‘டிரிப்பர் வீக்காயிடுச்சு’ என்று அதன்மேல் பழி போடுவதற்கு முன் சுமையைக் கூட்டிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: அந்த எம்சிபியில் இருக்கிற எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். ஏற்றுங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் செருகி, ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட சாமானைச் செருகி சுவிட்ச் போட்டதும் விழுந்தால் அந்தச் சாமான்தான், அதை ஒதுக்கி வையுங்கள். எல்லாம் சேர்ந்தால் மட்டும் விழுகிறது என்றால் சுமை. இப்போதைக்கு கீசரை அணைத்த பிறகு ஹீட்டர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். நிரந்தரத் தீர்வு, கீசருக்குத் தனியாக 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) ஒயர் இழுத்து தனி எம்சிபி போடுவது. ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒருபோதும் போடாதீர்கள். உருகி வழிந்த பாக்ஸ்களைக் கம்பளத்தோடு சேர்த்துப் பிய்த்து எடுத்திருக்கிறேன்.

32 ஆம்பியர் போட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவருக்குள் ஓடுவது ஒன்றரை ஸ்கொயர் ஒயரோ ரெண்டரை ஸ்கொயர் ஒயரோ, அது 32-ஐத் தாங்காது. எம்சிபி நிற்கும், ஒயர் வேகும். இங்கே நிறைய வீடுகளில் ஒயர் போவது மரக் கூரைத் தளத்துக்கு மேலே, தகரத்துக்குக் கீழே. அங்கே வெந்தால் வாடைகூடக் கீழே வர நேரமாகும்.

சுமை குறைவாக இருந்தும் நேரம் கழித்து விழுகிறதா? எம்சிபியின் முகத்தை விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவற்றைவிட அது மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஸ்க்ரூ லூஸ். ஒயர்மேன் வந்து முடுக்கினால் சரியாகிவிடும், ஆனால் தள்ளிப்போடக் கூடாத வேலை.

எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் ஏற்றிய கணமே விழுந்தால் ஒயரிலேயே ஷார்ட். புதிதாகப் படம் மாட்ட ஆணி அடித்தீர்களா, கூரையில் எலி ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று யோசியுங்கள். லைட் லைன் என்றால் எல்லா சுவிட்சையும் அணைத்து, எம்சிபியை ஏற்றி, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். வெளி விளக்கின் ஹோல்டரில் தண்ணீரும் பூச்சியும் நிரம்பியிருப்பது இங்கே அன்றாடம் பார்ப்பது.

ஆர்சிசிபி விழுந்தால்

இதில்தான் புதியவர்கள் குழம்புவது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வீட்டில் இருக்கிற எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிடுங்க வேண்டும். சுவிட்ச் வெட்டுவது பேஸை மட்டும்தான். நியூட்ரலும் எர்த்தும் சாமானோடு இணைந்தே இருக்கும், கசிவு அந்த வழியிலும் நடக்கும். மூலையில் இருக்கும் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், மாடியில் மறந்துபோன மொபைல் சார்ஜர் வரை எல்லாம்.

அப்புறம் எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஆர்சிசிபியை மட்டும் ஏற்றுங்கள். நின்றதா? நல்லது. இப்போது எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது ஆர்சிசிபி விழுகிறதோ அந்த லைனில் கசிவு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மற்ற வீட்டை ஓட்டிக்கொண்டிருக்கலாம். இரவு முழுக்க இருட்டில் உட்கார வேண்டியதில்லை. எல்லா எம்சிபியும் ஏறி நின்றுவிட்டால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எந்தச் சாமான் என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

எல்லா எம்சிபியும் கீழே, பிளக் எதுவும் இல்லை, இருந்தும் ஆர்சிசிபி நிற்கவில்லையா? ‘அப்படியென்றால் ஆர்சிசிபிதான் கெட்டுப்போச்சு’ என்று அவசரப்படாதீர்கள். நம் வீடுகளில் போடுகிற எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரல் எல்லா அறைக்கும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் ஒயர் எர்த் ஒயரையோ ஈரச் சுவரையோ தொட்டுக்கொண்டிருந்தால் இப்படி நடக்கும். இதில் ஒரு விசித்திரம் உண்டு. சில வீடுகளில் இதே கோளாறு சும்மா இருக்கும்போது விழாமல், வேறு ஏதாவது பெரிய சாமானைப் போட்டதும் விழும். கெட்டில் போட்டால் விழுகிறது என்று புதுக் கெட்டில் வாங்குவார்கள், அதற்கும் விழும். கெட்டில்மேல் தப்பே இல்லை. அது இழுத்த கரண்ட் நியூட்ரலில் திரும்பும்போது ஒரு பங்கு எர்த் பக்கம் பிரிந்து போகிறது, ஆர்சிசிபி கணக்கில் குறைகிறது. ‘எந்தப் பெரிய சாமான் போட்டாலும் விழுகிறது’ என்பது இந்தக் கோளாறின் கையெழுத்து. இது ஒயர்மேன் வந்து நியூட்ரல்களைத் தனித்தனியாகக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை.

இன்னொரு வகை, எதுவுமே கெடாமல் விழுவது. கணினி, டிவி, எல்இடி விளக்கு, வாஷிங் மெஷின் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் எர்த்துக்குக் கசியத்தான் செய்யும். 30 மில்லி என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழ ஆர்சிசிபிக்கு அனுமதி உண்டு. வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி, அதில் இத்தனை சாமான், கூடவே கொஞ்சம் ஈரம் என்றால் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு எப்போதாவது விழும். லைன்களை இரண்டு ஆர்சிசிபிக்குப் பிரித்துப் போட்டால் அடங்கிவிடும்.

மலை வீட்டில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை

கீசர்தான் முதல் ஆள். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டை மே மாதம் திறந்து கீசரைப் போட்டதும் ஆர்சிசிபி விழும். கீசரின் ஹீட்டிங் எலிமென்டுக்குள் கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே வெள்ளையாக ஒரு பொடி அடைத்திருப்பார்கள், மக்னீசியம் ஆக்சைடு. அது ஈரத்தை உறிஞ்சும். நுனியில் இருக்கும் அடைப்பு கொஞ்சம் விட்டிருந்தாலும் மூடுபனி மாதக்கணக்கில் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சில சமயம் எலிமென்டைக் கழற்றி வெயிலில் காயவைத்தால் மீண்டுவிடும், சில சமயம் மாற்றத்தான் வேண்டும். எதுவானாலும் அதை ஆர்சிசிபி இல்லாத லைனில் போட்டு ‘சூடேறினால் சரியாகிவிடும்’ என்று ஓட்டிக் காயவைக்கிற வேலை வேண்டாம், அந்த நேரத்தில் யாராவது குளியலறைக் குழாயைத் தொட்டுவிட்டால் காப்பாற்ற எதுவும் இல்லை. பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடுக்கும் இதே கதைதான். ராடு போட்டிருக்கும்போது தண்ணீரில் கை வைக்கவே கூடாது.

அடுத்தது வெளிச் சுவர். கோத்தகிரியில் ஒரு வீட்டில் தினமும் விடியற்காலை ஆர்சிசிபி விழும், பத்து மணிக்கு மேல் ஏற்றினால் இரவு வரை நிற்கும். அந்த வீட்டு அம்மா, “தம்பி, மழையே இல்லாத அன்னைக்கும் விழுதுப்பா, மழைன்னு சொல்லாதீங்க” என்றார். உண்மைதான், மழை இல்லை. வராந்தா சுவிட்ச் பலகையைக் கழற்றினேன். உள்ளே ஸ்க்ரூக்களின்மேல் பச்சைப் பாசி மாதிரி களிம்பு, பெட்டியின் அடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர். மேலிருந்து வருகிற பைப்பின் வாயில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒயர் மேலேயே வழிந்து கீழே வந்தது. ஒயர் போகிற பைப் வீட்டுக்குள் இருந்து கிளம்பி, தகரத்துக்கு அடியில் போய், வெளிச் சுவரில் இறங்குகிறது. உள்ளே அடுப்பு வைத்த வெதுவெதுப்பான காற்று இரவில் அந்தப் பைப்புக்குள் ஏறி, குளிர்ந்த இடத்தில் வேர்த்து, தண்ணீராகி, சுவிட்ச் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது. வெயில் ஏறினால் காய்ந்துவிடும். பைப்பின் உள்பக்க வாயைப் பஞ்சும் சீலன்ட்டும் வைத்து அடைத்து, பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, களிம்பேறிய ஒயர் நுனிகளை வெட்டிப் புதிதாக இணைத்தேன். அதற்கப்புறம் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டது இன்வெர்ட்டர் போடுவதற்குத்தான்.

ஆகவே எந்த நேரத்தில் விழுகிறது என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். தேதி, மணி, மழையா வெயிலா, அப்போது என்ன ஓடியது. ஒரு வாரம் எழுதினால் போதும், கோளாறு எந்தச் சுவரில் என்றுகூடச் சொல்லிவிடலாம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் இருந்தே தென்மேற்கு மழை கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை அக்டோபர், நவம்பரில். காற்று மழையை அடிக்கிற பக்கத்துச் சுவர் எது என்று பாருங்கள், அந்தச் சுவரில் இருக்கிற சுவிட்ச், கேட் விளக்கு, காலிங் பெல், மோட்டார் பெட்டி எல்லாம் சந்தேகப் பட்டியலில் வரட்டும்.

இன்வெர்ட்டரும் வோல்டேஜும்

மழைக் காற்றில் சீகை மரமோ கற்பூர மரமோ லைனில் சாய்ந்து கரண்ட் போவது இங்கே வழக்கம், அதனால் எல்லா வீட்டிலும் இன்வெர்ட்டர். அது வைத்த நாளில் இருந்துதான் ஆர்சிசிபி விழுகிறது என்றால் நியூட்ரலைக் கலந்துவிட்டார்கள் என்று அர்த்தம். பேஸ் இன்வெர்ட்டர் வழியாக வந்து நியூட்ரல் வேறு வழியில் திரும்பினால் ஆர்சிசிபி கணக்கு ஒருநாளும் சரியாகாது. வைத்தவரையே கூப்பிட்டு இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலைத் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

லைட் திடீரென்று வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிகிறது, அல்லது ஒரு அறையில் பளிச், இன்னொரு அறையில் மங்கல் என்றால் வெளியே நியூட்ரல் அறுந்திருக்கலாம். வோல்டேஜ் 300-ஐத் தாண்டிப் போகக்கூடிய கோளாறு அது, ஃபிரிட்ஜும் டிவியும் நிமிஷத்தில் போகும். யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு மின்னகத்துக்குச் சொல்லுங்கள்.

வாடகைக்கு வருமுன் பார்க்க

மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் ‘T’ பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் பொம்மை, மாற்றிவிடுங்கள். வீடு பார்க்கப் போகும்போதே அழுத்திப் பாருங்கள், வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் பெட்டியில் பீங்கான் பியூஸ் கட்டை மட்டும்தான் இருக்கும், ஆர்சிசிபியே இருக்காது. அங்கே டிரிப்பர் விழாதது நல்ல சேதி அல்ல, விழுவதற்கு ஒன்றுமே இல்லை. சாமான் இறக்குவதற்கு முன்னாலேயே ஒன்று போடச் சொல்லுங்கள். எர்த் குழி எங்கே என்றும் கேளுங்கள். பாறைமேல் கட்டிய வீடுகளில் எர்த் பிடிப்பது கஷ்டம். எர்த் சரியில்லை என்றாலும் ஆர்சிசிபி வேலை செய்யும்தான், ஆனால் கசிகிற சாமானை நீங்கள் தொட்ட பிறகுதான் விழும். எர்த் இருந்தால் தொடுவதற்கு முன்னாலேயே விழுந்துவிடும்.

ஒயர்மேனைக் கூப்பிடும்போது ‘டிரிப்பர் விழுது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். “அகலமானது விழுது, எல்லாப் பிளக்கையும் பிடுங்கிட்டேன், மூணாவது எம்சிபி ஏத்தினா மட்டும் விழுது, காலைல மட்டும்தான்” என்று சொல்லிப் பாருங்கள், வருகிறவர் எதைக் கொண்டுவர வேண்டுமோ அதோடு வருவார். மெக்கர் (ஒயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கிற மீட்டர்) எடுத்து வரச் சொல்லுங்கள். சும்மா டெஸ்டரை வைத்துக்கொண்டு கசிவைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு லைனும் மெக்கரில் 1 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டிய எண்ணை ஒரு சீட்டில் எழுதி, எந்த எம்சிபி எந்த அறைக்கு என்பதையும் அதிலேயே குறித்து, டிபி பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிடச் சொல்லுங்கள். அடுத்த மழைக்கு யார் வந்து பார்த்தாலும் அங்கிருந்து தொடங்கலாம்.